திருந்தி வந்தோர்க்கு இடம்

இந்திய நாட்டின் நடுப்பகுதியில் சம்பல் என்னும் ஆறு ஓடுகிறது. விந்திய மலைச்சாரலில் தோன்றி, மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களையும் தழுவிச் சென்று, இறுதியில் அது யமுனையோடு கலக்கின்றது. ஆற்றின் நீர் தெளிவானது. கரையோ நெடுங்காலம் அமைதி அறியாதது. பன்னூறு ஆண்டுகளாக மழைநீர் அங்குள்ள நெகிழ்ந்த மண்ணை அரித்து அரித்துக் கணக்கற்ற பள்ளங்களை ஆக்கியுள்ளது. பள்ளத்திற்குள் பள்ளம், மேட்டிற்கு அப்பால் மேடு என்று அந்நிலம் முடிவின்றி விரிந்து கிடக்கின்றது. ஒரு பள்ளத்தில் இறங்கியவனை அடுத்த பள்ளத்தில் நிற்பவன் காண இயலாது. ஒளிந்து வாழ விரும்புவோர்க்கு இதனினும் ஏற்ற அரண் வேறு இல்லை. கொள்ளைக் கூட்டங்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்து வந்தமைக்கு இந்நில அமைப்பும் ஒரு காரணமாகும்.

ஆயினும், நிலம் மட்டும் கொள்ளையரைப் படைத்துவிடவில்லை. மண்ணரிப்பால் விளைநிலம் குறைந்தது, எஞ்சிய நிலத்தின் வரப்புக்காக வழக்கு எழுந்தது, வழக்கு பகையாயிற்று, பகை கொலையில் முடிந்தது. கொன்றவன் சட்டத்திற்கு அஞ்சிப் பள்ளத்தாக்கினுள் புகுந்தான். கொலையுண்டவன் மகன் பழிவாங்கத் துப்பாக்கி ஏந்தினான். நாளடைவில் அவனும் அப்பள்ளத்தாக்கிற்கே வந்து சேர்ந்தான். இவ்வாறு வந்தோர் தம்மைக் கொள்ளையர் என்று கூறிக்கொள்வதில்லை. ‘பாகி’ என்றே கூறிக்கொண்டனர். ‘எதிர்த்து எழுந்தவன்’ என்பது அச்சொல்லின் பொருள்.

பெயர் எதுவாயினும் செயல் கொடியதே. ஊர்களில் புகுந்து பொருளைச் சூறையாடுவதும், ஆட்களைக் கவர்ந்து சென்று அவர்தம் குடும்பத்தாரிடம் பணம் பறிப்பதும், காட்டிக் கொடுத்தான் என்று ஐயுற்றவனைச் சுட்டுக் கொல்வதும் அவர்தம் அன்றாடத் தொழிலாயின. அவர்களால் துன்புற்றோர் பெருஞ்செல்வர் மட்டும் அல்லர். எளிய உழவரும் அவர்தம் பெண்டு பிள்ளைகளும் துன்புற்றனர். கொள்ளையரை வீரர் என்று புகழ்ந்து கதை கட்டுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். திருந்துவோரைப் பற்றிப் பேச முற்படுவோர், முதலில் அவர்கள் செய்த தீமையை உள்ளவாறு ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

இத்தீமையை ஒழிக்க அரசு படைபலத்தை நாடியது இயல்பே. அப்பகுதியில் பெயர் பெற்ற மான்சிங் என்னும் கொள்ளைத் தலைவன் 1955ஆம் ஆண்டில் சுட்டு வீழ்த்தப்பட்டான். கூட்டம் கலைந்ததா? இல்லை. ரூபா என்பவன் தலைவன் ஆனான். 1959இல் அவனும் வீழ்ந்தான். உடனே லுக்கா எனப்பட்ட லோக்மன் தீட்சித் அவ்விடத்திற்கு வந்தான். தலைவர் மாறினர், கூட்டம் மாறவில்லை. துப்பாக்கி ஒரு மனிதனை அழிக்கும். அவன் விட்டுச் செல்லும் பகையை அழிக்க அதனால் இயலாது. கொல்லப்பட்டவனுக்கு ஒரு தம்பியோ மகனோ இருக்கும் வரையில் பள்ளத்தாக்கிற்கு ஆள் குறைவதில்லை.

அப்போதுதான் புதியதொரு வழி தோன்றியது. மான்சிங்கின் மகன் தகசீல்தார்சிங் தூக்குத் தண்டனை பெற்று நைனிச் சிறையில் இருந்தான். இறக்கும் முன் வினோபா பாவே அவர்களைக் காண விரும்பி அவன் ஒரு கடிதம் எழுதினான். நிலக்கொடை வேண்டி நாடெங்கும் நடந்துகொண்டிருந்த வினோபா, தம் சார்பில் மேஜர் ஜெனரல் யதுநாத் சிங்கை அவனிடம் அனுப்பினார். பள்ளத்தாக்கில் உள்ள தன் தோழர்களையும் வினோபா சந்திக்க வேண்டும் என்பது அவன் வேண்டுகோளாக இருந்தது. வினோபா இசைந்தார். 1960ஆம் ஆண்டு மே மாதம், கொளுத்தும் கோடையில், படைத்துணை எதுவும் நாடாது அவர் அப்பகுதியில் ஊர் ஊராக நடந்தார். உயிர் தப்பலாம் என்றோ, விடுதலை கிடைக்கும் என்றோ அவர் எவருக்கும் உறுதி கூறவில்லை. தவறு செய்தவன் அதனை ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்றல் வேண்டும் என்றே கூறினார். லோக்மன் உட்பட 20 பேர் அவர் முன் ஆயுதங்களை வைத்துப் பணிந்து, பின்னர் நீதிமன்றங்களின் முன் நின்றனர். தகசீல்தார்சிங்கின் தூக்குத் தண்டனையும் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பெற்றது.

இச்செயலை எல்லோரும் பாராட்டினர் என்று கூறுதற்கில்லை. அக்காலத்தில் மத்தியப் பிரதேசக் காவல்துறையின் தலைவராக இருந்த ருஸ்தம்ஜி முதலியோர் இதனைக் குறை கூறினர். உயிரைப் பணயம் வைத்துக் கொள்ளையரோடு போராடும் காவலர் எவராலும் பேசப்படாதிருக்க, கொலை செய்தவர் போற்றப்படுவது முறையோ என்று அவர்கள் வினவினர். இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. கொலைபுரிவோரை ஒறுப்பது அரசின் கடமை என்பது திருவள்ளுவர் காலம் முதல் தமிழரும் ஏற்றுக்கொண்ட அரசியல் நெறியே அன்றோ? தண்டனையே இன்றி மன்னிப்பு வழங்குவதாயின், அது நல்லோர்க்குச் செய்யும் தீங்காகவே முடியும். ஆனால் ஒறுத்தல் ஒன்று. திருந்த விரும்புவோனுக்குக் கதவை அடைத்தல் வேறொன்று. முன்னது நீதி, பின்னது, நீதியின் பெயரால் பகையை வளர்ப்பது. இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்து நடத்தலே இத்துறையில் அறிவுடைமை ஆகும்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின் அம்முயற்சி மீண்டும் தழைத்தது. 1971ஆம் ஆண்டில் பாட்னா நகரில் ஜெயப்பிரகாச நாராயணரின் இல்லத்திற்கு ஒருவன் வந்தான். தன்னை ஒரு குத்தகைக்காரன் என்று கூறிக்கொண்டு, சம்பல் கொள்ளையரின் சரணாகதிக்கு அவர் முன்னின்று உதவவேண்டும் என்று வேண்டினான். அவர் தயங்கினார். அப்போது வந்தவன் தானே மாதோசிங் என்று வெளிப்படுத்தினான். தலைக்குப் பெருந்தொகை விலை வைக்கப்பட்ட கொள்ளைத் தலைவன், துணையின்றித் தன் வீட்டில் வந்து நிற்பதைக் கண்ட ஜெயப்பிரகாசர் வியப்புற்றார். அவன் உள்ளத்தின் உறுதியையும் உணர்ந்தார். அரசினரோடு பேசி, ஆயுதம் வைப்போரைத் தூக்கிலிடுவதில்லை என்னும் உறுதியை அவர் பெற்றார். சிறைத் தண்டனையை அவர்கள் ஏற்றே ஆகவேண்டும் என்பதில் மாற்றம் இல்லை.

1972ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், முரேனா மாவட்டத்து ஜௌரா என்னும் ஊரில், காந்தியடிகளின் திருவுருவப் படத்தின் முன் கொள்ளையர் தம் துப்பாக்கிகளை வைத்தனர். ஜெயப்பிரகாசரும் அவர் துணைவியார் பிரபாவதி அம்மையாரும் அங்கு இருந்தனர். அன்றும் அதன் பின்னருமாக 400க்கும் மேற்பட்டோர் ஆயுதம் துறந்தனர். 1960இல் வினோபாவின் முன் துப்பாக்கியை வைத்த லோக்மன், இம்முறை பள்ளத்தாக்கினுள் சென்று பழைய தோழர்களின் அச்சத்தைப் போக்கும் தூதராகப் பணியாற்றினார். திருந்திய ஒருவர் பலரைத் திருத்த வல்லவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அறிஞர் நூறு நாள் அறிவுரை கூறினும் நம்பாதவன், தன்னைப் போலவே தவறு செய்து மீண்ட ஒருவன் கூறும் ஒரு சொல்லை நம்புகிறான்.

இந்நிகழ்ச்சி நடந்த ஜௌராவில் காந்தி சேவா ஆசிரமம் ஒன்று உள்ளது. அதனை 1970இல் நிறுவியவர் சேலம் நஞ்சுண்டையா சுப்பாராவ் என்னும் தொண்டர். பெங்களூரில் பிறந்த அவர், சம்பல் மக்களைத் தம் சுற்றமாகக் கொண்டு வாழ்ந்தார். அங்குள்ளோர் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘பாய்ஜி’, அஃதாவது ‘அண்ணா’ என்றே அழைத்தனர். 2021ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது அவருடைய உடலுக்கு அந்த ஜௌராவிலேயே இறுதிக் கடன்கள் செய்யப்பெற்றன. ஆயுதம் வைக்கும் நாளன்று கூடுவோர் ஆயிரவர். அதற்கு முன்னும் பின்னும் அவ்விடத்தைவிட்டு அகலாது உழைப்போர் ஒரு சிலரே. உண்மையான மாற்றம் அச்சிலரின் தோள்மீதே நிற்கிறது.

ஆயுதம் வைப்பது ஒரு நாட்செயல். வாழ்வை மாற்றுவதோ பல்லாண்டுத் தொழில். இதனை உணர்ந்தே, சரணடைந்தோர்க்கென முங்காவலி என்னும் ஊரில் திறந்தவெளிச் சிறை ஒன்று 1973இல் அமைக்கப்பெற்றது. அங்கே உயர்ந்த மதிலும் இரும்புக் கம்பியும் அவர்களைக் காக்கவில்லை. அவர்கள் கொடுத்த சொல்லே காத்தது. துப்பாக்கி பிடித்த கை மீண்டும் ஏர் பிடித்தது. இதற்கு முன்பே, 1963ஆம் ஆண்டில், இராஜஸ்தான் மாநிலத்துச் சாங்கனேரில் ஒரு திறந்தவெளிச் சிறை தோன்றியது. அங்கே கைதிகள் மனைவி மக்களோடு வாழ்கின்றனர். பகலில் வெளியே சென்று உழைத்துப் பொருளீட்டிக் குடும்பம் காக்கின்றனர். சோழ மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கிய மணிமேகலையின் கதையைத் தமிழ் மக்கள் நன்கு அறிவர். காவியத்தில் கண்ட அவ்வெண்ணம் இன்றைய வாழ்விலும் இயலாத ஒன்றன்று என்பதை இச்சிறைகள் காட்டுகின்றன.

உழைப்பு ஒருவனுக்குக் கூலியை மட்டும் தருவதில்லை, மதிப்பையும் தருகிறது. பள்ளத்தாக்கில் ஒருவனுக்குப் பெயரும் உண்டு, கூட்டமும் உண்டு, கண்டவர் அஞ்சும் பெருமையும் உண்டு. அவற்றைத் துறந்து வந்தவனுக்கு ஊரில் கிடைப்பது வறுமையும் வசையும் மட்டுமே ஆயின், அவன் எத்தனை நாள் பொறுத்திருப்பான்? ஆகவே நிலமோ, தொழிலோ, கடனுதவியோ அவனுக்குக் கிடைக்குமாறு செய்தல் இரக்கத்தால் இடும் பிச்சை அன்று. ஊரின் அமைதிக்காகச் செய்யும் முதலீடு எனலாம். 1972இல் ஆயுதம் வைத்த மோகர்சிங் எட்டாண்டுச் சிறைவாழ்விற்குப் பின் 1980இல் வெளிவந்தார். பிண்டு மாவட்டத்து மேகாவ் என்னும் சிற்றூரில் குடியமர்ந்து, பின்னர் அந்நகராட்சியின் தலைவராகவும் விளங்கினார். 2020ஆம் ஆண்டில் முதுமையுற்று அவர் தம் இல்லத்தில் காலமானார். ஒரு காலத்தில் பெயர் கேட்டாலே கதவடைத்த மக்கள், பிற்காலத்தில் தம் ஊரை நடத்தும் பொறுப்பையே அவர் கையில் ஒப்படைத்தனர்.

இவையெல்லாம் இம்முயற்சியின் ஒரு பாதி. மற்றொரு பாதி பெரிதும் மறக்கப்பட்டு வந்துள்ளது. கொள்ளையனுக்குச் சிறையைத் திறந்துவிடலாம், நிலம் அளிக்கலாம், அவன் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம். அவனால் கணவனை இழந்தவளுக்கு யாது செய்வது? தந்தையை இழந்த சிறுவன் வளர்ந்து வரும்போது அவன் நெஞ்சில் எரியும் தீயை யார் அணைப்பது? இவ்வினாவிற்கு விடை காணாத இடத்தில் நேர்ந்தது யாது என்பதைப் பூலன்தேவியின் வரலாறு உணர்த்துகிறது.

ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே பல கொடுமைகளுக்கு ஆளாகிக் கொள்ளைக் கூட்டத்தில் சேர்ந்தவர் பூலன்தேவி. 1981ஆம் ஆண்டு பிப்பிரவரி 14ஆம் நாள் உத்தரப் பிரதேசத்துப் பெஹ்மாய் என்னும் சிற்றூரில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வூரில் தமக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு அவர் வாங்கிய பழி அது என்று பலரும் கூறினர். 1983இல் அவர் பிண்டு நகரில் அரசினரிடம் சரணடைந்தார். அதன் பின் பதினோராண்டுகள் விசாரணை முடிவுறாமலே சிறையில் கழிந்தன. 1994இல் அவர் வெளிவந்தார். 1996இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். ஒடுக்கப்பட்ட பெண்ணொருத்தி அவ்வளவு உயர்ந்தமை கண்டு மகிழ்ந்தோர் பலர். ஆனால் பெஹ்மாய் மக்கள் அதே காலத்தில் நீதிமன்ற வாயிலில் காத்துக் கிடந்தனர். 2001ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தில்லியில் தம் இல்லத்தின் முன் பூலன்தேவி சுட்டுக் கொல்லப்பட்டார். பெஹ்மாய்க்குப் பழிவாங்கவே கொன்றதாகப் பிடிபட்டவன் கூறினான் என்று செய்தித்தாள்கள் எழுதின. பெஹ்மாய் வழக்கில் தீர்ப்புக் கிடைத்ததோ 2024ஆம் ஆண்டில்தான். இடையே 43 ஆண்டுகள் ஓடிவிட்டன. குற்றம் சாட்டப்பட்டோருள்ளும் சான்று கூற வேண்டியவருள்ளும் பெரும்பாலோர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

இவ்வரலாற்றில் யாருக்கு நீதி கிடைத்தது? இளமையில் துன்புற்ற பெண்ணுக்கும் கிடைக்கவில்லை. கணவரையும் மக்களையும் இழந்த பெண்களுக்கும் கிடைக்கவில்லை. இரு திறத்தாருக்கும் உரிய காலத்தில் நீதி வழங்கி, அவர்களை ஒருவர் முகத்தை ஒருவர் காணச் செய்வார் எவரும் இலர். அரசு ஆயுதத்தைப் பெற்றுக்கொண்டது. பகையை அவர்களிடமே விட்டுவிட்டது. விடப்பட்ட பகை இருபது ஆண்டுகள் கழித்து எழுந்து வந்து உயிரைக் குடித்தது.

ஆகவே திருத்தம் என்பதும் ஒப்புரவு என்பதும் ஒன்றைவிட்டு ஒன்று நில்லா. திருந்துதல் தவறு செய்தவனின் கடமை. அவன் தன் குற்றத்தை மறைக்காது கூறுதல் வேண்டும். தண்டனையை ஏற்றல் வேண்டும். தன்னால் இயன்ற அளவு ஈடு செய்தல் வேண்டும். வழக்கை விரைந்து முடித்தல் அரசின் கடமை. சரணடைந்தவன் குடும்பத்திற்குக் காட்டும் பரிவில் குறையாத பரிவைப் பறிகொடுத்தவன் குடும்பத்திற்கும் காட்டுதல் அதன் முதற்கடமை. இழந்தோர் மன்னித்தே தீரவேண்டும் என்று கட்டளையிட எவருக்கும் உரிமை இல்லை. மன்னிப்பு கேட்டுப் பெறத்தக்கது, பறித்துப் பெறத்தக்கதன்று. ஆயினும், தம் துயரை உலகம் கேட்டது, தமக்கு நீதி கிடைத்தது என்னும் நிறைவு அவர்களுக்கு உண்டாகுமாயின், பழிவாங்கும் எண்ணம் தானே தளரும்.

எஞ்சியிருப்பது ஊராரின் கடமை. புத்தர் பெருமானால் திருத்தப்பட்ட அங்குலிமாலன் என்னும் கொலைஞனின் கதையை அறியாதார் இல்லை. துறவியான பின்னும் அவன் பிச்சை ஏற்கத் தெருவில் சென்றபோது கல்லும் கோலும் அவன்மேல் வந்து விழுந்தன என்றும், குருதி ஒழுக அவன் திரும்பி வந்தான் என்றும், அதனைப் பொறுத்துக்கொள்ளுமாறு பெருமான் கூறினார் என்றும் பௌத்த நூல்கள் கூறுகின்றன. திருந்தியவன் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது உண்மை. அதனால் ஊரார் கல்லெறிந்துகொண்டே இருக்கலாம் என்பது பொருளன்று. ஒருவன் பட்ட பழிச்சொல்லை அவன் மகன் மேலும் ஏற்றுதல், வேலை கேட்டு வந்தால் விரட்டுதல், களவு எங்கே நடந்தாலும் அவன் வீட்டு வாயிலையே முதலில் தட்டுதல் ஆகிய இவை, பள்ளத்தாக்கை விட்டு வந்தவனை மீண்டும் பள்ளத்தாக்கிற்கே அனுப்பும் செயல்களாகும்.

சம்பல் கரைக் கூட்டங்களின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆனால் கூட்டம் சேர்ந்து கத்தியும் கையுமாகத் திரியும் இளைஞர் இன்று நகரங்களின் சந்துகளில் உள்ளனர். அவர்களுள்ளும் மீண்டு வர விரும்புவோர் உண்டு. அவர்கள் வந்து நிற்கும் நாளில் ஊர் என்ன செய்யப்போகிறது என்பதே வினா. ஆயுதத்தை வாங்கிக்கொள்ளக் காவல் நிலையம் போதும். மனிதனை ஏற்றுக்கொள்ள ஓர் ஊரே வேண்டும். அவன் செய்த குற்றத்தை மறவாமலும், அவனால் துன்புற்றவரைக் கைவிடாமலும், அவன் அமர்தற்குத் தன் திண்ணையில் ஓர் இடம் விடும் ஊரே பகையை வென்ற ஊராகும்.